மலைமேல் ஒரு கோடு

“சார், எங்க அத்தை ஊரு கோவிலூரு. அது எங்க சார் இருக்கு?” என்று கேட்டான் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

பழனி மலைத்தொடரின் மேல்தட்டிலே, பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே அமைந்த பள்ளி நாம் பணியாற்றும் பள்ளி. சுவரிலே தமிழ்நாட்டு வரைபடம் தொங்கிற்று. கொடைக்கானலைக் காட்டினோம். பூம்பாறையையும் மன்னவனூரையும் கவுஞ்சியையும் குத்துமதிப்பாகக் காட்டினோம். மேற்கே, மலைமுகட்டின் ஓரத்திலே கிளாவரை இருக்கும் இடத்தையும் காட்டினோம். கோவிலூரைக் காட்ட விரல் ஒரு நெல்மணி அகலம் நகர்ந்தால் போதும். நகர்ந்தது. நகர்ந்த இடத்திலே தமிழ்நாடு முடிந்துவிட்டது! பச்சை போய் மஞ்சள் வந்துவிட்டது.

“அத்தை நம்ம ஆளுதான சார்?” என்றான் பையன்.

அத்தை நம் ஆள்தான். ஆனால் அவர் வாழும் ஊர் கேரள மாநிலம், இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டம். ஏன் அப்படி என்று அவன் கேட்டிருந்தால் நாற்பது நிமிடப் பாடவேளை போதாது, கேட்காமல் அமர்ந்துவிட்டான். நமக்குத்தான் அந்தக் கேள்வி நெஞ்சிலே நின்று கொண்டிருக்கிறது. அவனுக்குச் சொல்ல முடியாமற் போனதை இங்கே சொல்லிப் பார்க்கிறோம்.

கிளாவரைக்கும் கோவிலூருக்கும் இடையே காடு உண்டு, சோலை உண்டு, ஒற்றையடிப் பாதை உண்டு; மொழி வேற்றுமை மட்டும் இல்லை! கோவிலூர், வட்டவடை, கொட்டாக்கொம்பூர் ஆகிய ஊர்களிலும், அவற்றுக்கு வடமேற்கே அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கில் உள்ள மறையூர், காந்தளூர், கீழாந்தூர் முதலான ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக ஒலிக்கும் மொழி தமிழ். அம்மக்கள் தம் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர் என்று சொல்லிக்கொள்கின்றனர். மறையூரிலே பாறைமேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. கிழக்கே தாண்டிக்குடிப் பக்கத்திலும் அதே கல்திட்டைகள் நிற்கின்றன. ஆங்கிலேடு, நியூட்டன் என்னும் இரு பாதிரிமார் பழனி மலைக் கல்திட்டைகளைத் தேடி அலைந்து ஆராய்ந்து எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் நூலாக வெளியிட்டது. கல்லை அடுக்கிய அந்த ஆதிமனிதனுக்கு எந்தப் பக்கம் எந்தச் சர்க்கார் என்ற கவலை இருந்திருக்காது.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, 2018-இல் கொடைக்கானலிலும் பூத்தது, மூணாற்றிலும் பூத்தது. பூண்டுக்குத்தான் இப்பொழுது எல்லை வந்திருக்கிறது! கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-இல் காந்தளூர் – வட்டவடைப் பூண்டுக்குத் தனியே மற்றொரு புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே பனி, ஒரே மண்வெட்டி, முத்திரை இரண்டு. உழவனுக்கு விலை கூடினால் நமக்கு மகிழ்ச்சியே. முத்திரை பத்து வரட்டும்.

இந்த மலையை முதன்முதலில் முறையாக அளந்தவர் வார்டு என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1816 முதல் 1820 வரை கானர் என்பாருடன் சேர்ந்து திருவிதாங்கூர், கொச்சி இராச்சியங்களை அளந்தார். 1821-இல் அதே வார்டு பழனி மலையை அளந்தார். இரு பக்கத்தையும் ஒரே மனிதர் அளந்தார். எவரும் அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. சண்டை போடுவதற்கு அங்கே இருந்ததெல்லாம் காடும் யானையுமே. தேயிலை வந்தபின் அல்லவா மலைக்கு மதிப்பு வந்தது! 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர், பாண்டியர் வழிவந்தோர் எனச் சொல்லிக்கொண்ட பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். காட்டை அழிக்கவும் கன்று நடவும் கொழுந்து கிள்ளவும் ஆள் வேண்டியிருந்தது. மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களிலே பசி இருந்தது. கங்காணிகள் இருந்தனர். பிறகென்ன, மலைமேல் லயங்கள் எழுந்தன!

விளைந்த தேயிலையும் நம் பக்கமே இறங்கிற்று. மூணாற்றுக்குக் கிழக்கே ‘டாப் ஸ்டேஷன்’ வரை ஒரு சிறு இரயில். அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் மலையடிவாரத்துக்கு இறங்கும். பிறகு போடிநாயக்கனூர்ச் சந்தை. 1924 பெருவெள்ளம் அந்த இரயிலை அடித்துச் சென்றுவிட்டது. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வண்டியே வராத ஊருக்கு இன்றும் ‘ஸ்டேஷன்’ என்றே பெயர்!

வண்டியைப் பற்றிப் பேசுகையில் சாலை நினைவுக்கு வருகிறது. அது நம் மாணவனின் அத்தை வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய சாலை.

கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரியைக் கடந்து, எட்டாயிரம் அடிக்கும் மேல் ஏறி, வந்தரவு முகட்டை ஒட்டி, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாற்றை அடையும் மலைப்பாதை ஒன்று இருந்தது. 1924 முதல் 1929 வரை சென்னை மாகாணக் கவர்னராக இருந்த கோஷன் பிரபுவின் பெயரால் அதன் ஒரு பகுதி வழங்கிற்று. ஆனால் அதற்கு உயிர் கொடுத்தது ஆட்சியாளரின் அச்சம். 1942 ஏப்ரலிலே ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. சென்னை நகரமே பாதி காலியாயிற்று. ஜப்பானியர் கரையேறினால் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கொடைக்கானலில் ஏறி, மூணாறு வழியாகக் கொச்சித் துறைமுகத்தை அடைந்து கப்பலேற வேண்டும். அதற்காக விரைந்து செப்பனிடப்பட்டது அந்தப் பாதை. ‘தப்பியோடும் சாலை’ என்றே அதற்குப் பெயர்.

எண்ணிப் பாருங்கள்! அன்று ஒரு பக்கம் பிரிட்டிஷ் மாகாணம். மறுபக்கம் திருவிதாங்கூர் மகாராஜாவின் தனி இராச்சியம். கொடி வேறு, நாணயம் வேறு, சட்டம் வேறு. ஆயினும் ஆட்சியாளர் தப்பி ஓட வேண்டும் என்றதும் பாதை திறந்துகொண்டது. விடுதலை வந்தது. இருபுறமும் மக்களாட்சி மலர்ந்தது. ஒரே நாடு, ஒரே அரசமைப்புச் சட்டம், ஒரே நாணயம். 1990 வாக்கிலே பராமரிப்பு யார் பொறுப்பு, எல்லை எது என்ற பிணக்குகளுக்கு நடுவே அந்தப் பாதை மூடப்பட்டது! துரைமார் தப்பியோடத் திறந்த வழி, தோட்டத் தொழிலாளி உறவினர் வீட்டுக்குப் போகத் திறக்கவில்லை.

இன்று அதைத் திறப்பதும் எளிதன்று. அந்தப் பக்கம் பாம்பாடும்சோலைத் தேசியப் பூங்கா 2003-இல் அறிவிக்கப்பட்டது. இந்தப் பக்கம் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. சோலைக்காடு அழிந்தால் வைகைக்கும் அமராவதிக்கும் ஊற்று ஏது? ஆகவே, கண்ணை மூடிக்கொண்டு ‘சாலை போடு’ என்று முழங்குவோர் கூட்டத்திலே நாம் சேரவில்லை. நம் வினா வேறு. அந்தச் சாலை முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கிடப்பில் கிடக்கிறதே, இரு மாநிலமும் ஒரே மேசையில் அமர்ந்து, திறப்பதா மூடுவதா, மூடினால் மாற்று வழி என்ன என்று முடிவு சொல்ல ஒரு மன்றம் இல்லையா?

உண்டு. அதுதான் வேடிக்கை!

1953 டிசம்பரில் மாநிலச் சீரமைப்புக் கமிஷன் அமைந்தது. பசல் அலி தலைவர். குன்சுரு, சர்தார் பணிக்கர் உறுப்பினர். திருவிதாங்கூர் – கொச்சியிலே தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்க வேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடிற்று. அவர் வெறும் நாஞ்சில் நாட்டுத் தலைவராக நின்றுவிடவில்லை. 1954 ஜூலையில் தேவிகுளம் மலைக்கே வந்து, தடையை மீறிச் சிறை புகுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்தது, தமிழர் மாண்டனர். அன்று ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்டு மந்திரிசபை. சுட்ட மந்திரிசபை பதவி விலக வேண்டும் என்று அக்கட்சியின் பொதுச்செயலாளர் லோகியாவே கேட்டார். சொந்தக் கட்சி ஆட்சியைப் பார்த்து அப்படிக் கேட்பவர் இன்று எத்தனை பேர்?

1955 செப்டம்பரில் கமிஷன் அறிக்கை தந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்தும் தமிழகத்துக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. தேவிகுளம் வட்டத்திலே நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் தமிழர் என்பதைக் கமிஷன் மறுக்கவில்லை. ஆனால் அவருள் பெரும்பகுதியினர் தோட்டத் தொழிலாளர், நிலையாகத் தங்காதவர் என்று தள்ளிவிட்டது. மலையின் நீர்வளமும் பொருள்வளமும் கேரளத்துக்கு இன்றியமையாதவை என்றும் சொல்லிற்று. கமிஷன் தலைவர் பசல் அலி, பீகாரோடு தமக்கு நெடுநாள் தொடர்பு உண்டு என்பதற்காக, பீகார் எல்லைபற்றிய முடிவுகளிலிருந்து ஒதுங்கி நின்றார். பணிக்கர் மலையாளி, கேரள எல்லையிலே அவர் ஒதுங்கி நிற்கவில்லை. அன்றைய தமிழர் நெஞ்சிலே இது முள்ளாகத் தைத்ததில் வியப்பென்ன?

முள்ளைவிடக் கூரியது அந்த ‘நிலையாகத் தங்காதவர்’ என்னும் சொல். மூன்று தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவள் நிலையற்றவள்! இலாபத்தைக் கப்பலில் ஏற்றிய கம்பெனி நிலையானது! இதே சொல்லைக் கடலுக்கு அப்பாலும் கேட்டோம். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டத்துத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆட்டு மந்தையைப் பங்கு பிரித்ததுபோல் இரு அண்டை அரசுகள் மனிதரைப் பங்கு பிரித்தன. மனிதரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பட்டத்தோடு வந்தவர்களில் சிலர் இந்தக் கொடைக்கானல் மலைக்கே வந்து, காட்டிலே மரம் வெட்டும் கூலிகளாயினர். அவர் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பிலும் அமர்ந்திருக்கின்றனர்.

கதைக்குத் திரும்புவோம். 1956 தொடக்கத்திலே, எல்லைப் பூசலுக்கெல்லாம் ஒரே மருந்து என்று சென்னை, கேரளம், கன்னடம் மூன்றையும் ஒன்றாக்கித் தட்சிணப் பிரதேசம் அமைக்கும் யோசனை டில்லியில் முளைத்தது. ஆச்சாரியார் ஆதரித்தார். பெரியார் கடுமையாக எதிர்த்தார். பிப்ரவரி 20-ஆம் நாள் தமிழகமெங்கும் கடையடைப்பு நடந்தது. தட்சிணப் பிரதேசம் வேண்டாம், எல்லைப் பகுதிகள் வேண்டும் என்பது முழக்கம். யோசனை மறைந்தது. எல்லையும் வரவில்லை. நவம்பர் 1-இல் கோடு போட்டாகிவிட்டது.

கோடு போட்ட சட்டத்துக்குள்ளேயே, கோட்டால் வரும் தலைவலிக்கு ஒரு தைலமும் வைத்தனர். 1955 டிசம்பரில் பாராளுமன்றத்திலே நேரு சொன்ன யோசனை அது. மாநிலங்கள் கூடிப் பேசிப் பழகட்டும் என்பது அவர் எண்ணம். 1956 மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பகுதியிலே ஐந்து மண்டலக் கவுன்சில்கள் பிறந்தன. தென் மண்டலத்தில் ஆந்திரம், சென்னை, கேரளம். மைசூரை அன்று பம்பாயோடு சேர்த்து மேற்கு மண்டலத்தில் வைத்தனர். பெல்காம் சண்டைக்காரர் இருவரும் ஒரே திண்ணையில் அமரட்டும் என்று எண்ணினரோ என்னவோ! பின்னர்தான் கன்னடம் தெற்கே வந்தது. மத்திய உள்துறை மந்திரி தலைவர். முதலமைச்சர்கள் ஆண்டுக்கு ஒருவராகத் துணைத்தலைவர். மாநிலத்துக்கு மேலும் இரு மந்திரிகள். தலைமைச் செயலாளர்கள் ஆலோசகர்கள்.

அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவை நம் இளைஞர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். கவுன்சில் எவற்றைப் பேசலாம் என்று அது சொல்கிறது: பொருளாதார, சமூகத் திட்டங்கள், எல்லைத் தகராறுகள், மொழிச் சிறுபான்மையினர் நலன், மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்து, சீரமைப்பினால் எழும் எந்தப் பிரச்சினையும். அடடா! கோவிலூர் அத்தையை மனத்தில் வைத்தே எழுதியதுபோல் இருக்கிறதே! எல்லையா, உண்டு. மொழிச் சிறுபான்மையா, உண்டு. சாலையா, உண்டு. ஆனால் அதே பிரிவின் முதல் வரியிலேயே இன்னொன்றும் உண்டு: கவுன்சில் வெறும் ஆலோசனை அமைப்பு. பேசலாம்; பரிந்துரைக்கலாம். ஏற்பதும் எறிவதும் அவரவர் விருப்பம்.

1957 ஜூலையில் சென்னையில் தென் மண்டலக் கவுன்சில் முதன்முறை கூடிற்று. 2022 செப்டம்பர் 3-இல் திருவனந்தபுரத்தில் கூடியது முப்பதாவது கூட்டம். அறுபத்தைந்து ஆண்டுகளில் முப்பது! இரண்டாண்டுக்கு ஒன்றுகூட இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தே ஆண்டுக்குப் பலமுறை கூடுகிறது.

பயனே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அதிகாரிகள் ஒருவரை ஒருவர் அறிகின்றனர். சில்லறைச் சிக்கல்கள் தீர்கின்றன. ஆனால் முதலமைச்சர் ஊருக்குத் திரும்பியதும் கட்சிக்காரர் கேட்பது ‘விட்டுக்கொடுத்தீரா?’ என்னும் ஒரே கேள்வி. விட்டுக்கொடுத்தவர் துரோகி, விட்டுக்கொடாதவர் வீரர். இரு பக்கமும் வீரர்கள் அமர்ந்த மேசையிலே தீர்ப்பு எப்படி வரும்?

தீர்ந்த எல்லையும் ஒன்று நமக்கு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. சென்னைக்கும் ஆந்திரத்துக்கும் இடையே இருந்த வடக்கெல்லைத் தகராறில் பட்டாஸ்கர் நடுவராக அமர்ந்தார். கிராமத்தையே அலகாகக் கொள்வது, மொழிப் பெரும்பான்மை பார்ப்பது, தொடர்ச்சியாக உள்ள நிலமா என்று பார்ப்பது என அளவுகோல்களை முதலில் வகுத்தார். 1959-இல் சட்டம், 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. திருத்தணி நமக்கு வந்தது. சத்தியவேடு அவர்களுக்குப் போயிற்று. இரு பக்கமும் முணுமுணுத்தனர். இரு பக்கமும் ஏற்றனர். அங்கே அளவுகோல் இருந்தது, நடுவர் இருந்தார், நாள் குறித்த சட்டம் இருந்தது. தேவிகுளத்துக்கு வட்டத்தை அலகாக்கி, அதிலும் தொழிலாளியைக் கணக்கிலிருந்து கழித்தனர். கிராமத்தை அலகாகக் கொண்டிருந்தால் வட்டவடையும் கோவிலூரும் எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

எல்லை தீராத இடத்திலே தண்ணீர் சண்டையாகிறது. முல்லைப் பெரியாறு வரலாற்றை நம் ஏடுகள் எவ்வளவோ எழுதிவிட்டன, விரிக்க வேண்டியதில்லை. 1886-இல் 999 ஆண்டுக் குத்தகை, 1895-இல் அணை, 1970-இல் ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகை 30 ரூபாயாகத் திருத்தம், 2006-இல் 142 அடிக்கு உச்சநீதிமன்ற அனுமதி, அடுத்த மாதமே அதை முடக்கக் கேரளச் சட்டம், 2014 மே 7-இல் அச்சட்டம் செல்லாது என்ற தீர்ப்பு. கவுன்சில் தீர்க்கவில்லை, கோர்ட்டுதான் சொல்ல வேண்டியிருந்தது. இடையிலே 2011 டிசம்பரில் நடந்ததை மட்டும் நினைவூட்டுகிறோம். குமுளியில் எல்லை அடைபட்டது. இடுக்கித் தோட்டங்களிலே வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டு, காட்டு வழியே தேனி மாவட்டத்துக்கு ஓடி வந்தனர். தமிழகத்திலோ மலையாளிகளின் கடைகள் நொறுக்கப்பட்டன. தேநீர்க் கடைக்காரன் அணையின் உயரத்தையா குறைத்தான்? ஏலக்காய் பறித்தவள் ஒப்பந்தத்தையா கிழித்தாள்? நம்மவர் செய்தாலும் அது அறமன்று. இதை நம் மேடைகளிலும் சொல்லியாக வேண்டும்.

அதிகம் பேசப்படாத மற்றோர் ஆறு பாம்பாறு. அஞ்சுநாட்டிலே பிறந்து, மறையூரைக் கடந்து, தூவானத்தில் அருவியாய் விழுந்து, சின்னாற்றோடு கலந்து, பழனி மலையின் மேற்கு அடிவாரத்திலே தமிழகத்துக்குள் நுழைந்ததும் அமராவதி என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. உடுமலைப்பேட்டை, தாராபுரம், கரூர் வரை அதன் நீர்தான். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. இந்தப் பாம்பாற்றுப் படுகைக்கு உரியது. அதைக் கொண்டு காந்தளூர் அருகே பட்டிசேரியில் அணை கட்டக் கேரளம் 2014-இல் அடிக்கல் நாட்டிற்று. தமிழக அரசு எதிர்த்தது; முறையான ஒப்புதல் இன்றிக் கட்டலாகாது என்றது.

இதிலே நெஞ்சைக் குத்துவது எது தெரியுமா? பட்டிசேரி நீர் வேண்டும் என்று காத்திருக்கும் காந்தளூர், கீழாந்தூர் உழவரும் தமிழரே! அமராவதியில் நீர் குறையுமே என்று அஞ்சும் உடுமலை உழவரும் தமிழரே! மொழியால் ஒன்றுபட்டோர், கோட்டால் எதிரிகள். மேல்மடைக்காரனுக்கு இவ்வளவு, கீழ்மடைக்காரனுக்கு இவ்வளவு என்று ஏரிக்கரையிலே மண்வெட்டியோடு நின்று முடிவு செய்த மக்கள் நாம். அந்த இரு ஊர் உழவர்களையும் ஒரே கூடத்தில் அமர்த்தி எவரும் பேசவைத்ததாக நாம் கேள்விப்படவில்லை. இனமே எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நம்புவோரும் இந்த ஆற்றின் கரையிலே சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

உலகைப் பார்த்தால் நம் கவுன்சில் தனிப்பிறவி அன்று. 1985-இல் டாக்காவிலே ‘சார்க்’ அமைந்தது. இருதரப்புப் பிரச்சினையையும் சர்ச்சைக்குரிய பிரச்சினையையும் பேசலாகாது என்று அதன் சாசனமே வாய்ப்பூட்டுப் போட்டது. காஷ்மீரைப் பேசாத இந்தியாவும் பாகிஸ்தானும் வேறெதைத்தான் பேசும்? 2014 காட்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு உச்சி மாநாடு ஒன்றுகூட நடக்கவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் 1967-இல் ‘ஆசியான்’ பிறந்தது. தகராறு தீர்க்க உயர் மன்றம் ஒன்றை 1976 உடன்படிக்கையிலே எழுதி வைத்தனர். ஒருமுறைகூட அது பயன்படவில்லை. பிரேவிகார் என்னும் மலையுச்சிக் கோயில் கம்போடியாவுக்கே உரியது என்று 1962-இல் அனைத்துலக நீதிமன்றம் சொல்லியும், 2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையிலே பீரங்கி முழக்கின. கல்லில் குடியிருக்கும் கடவுள் எந்த நாட்டவர் என்பதற்காக உயிருள்ள மனிதர் மடிகின்றனர்!

நம் நாட்டிலேயே 2021 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். உள்துறை மந்திரி ஷில்லாங்கில் வடகிழக்கு முதலமைச்சர்களைக் கூட்டிப் பேசித் திரும்பினார். மறுநாளே அசாம் – மிசோரம் எல்லையிலே இரு மாநிலப் போலீசாரும் மோதினர். அசாம் காவலர் குண்டுபட்டு மாண்டனர். ஒரே நாட்டின் காக்கிச் சட்டையை ஒரே நாட்டின் காக்கிச் சட்டை சுட்டது. பெல்காமுக்கு 1966-இல் மகாஜன் கமிஷன். 2004-இல் மகாராஷ்டிரம் உச்சநீதிமன்றத்தில் வழக்கு. கமிஷன் ஒன்றானாலும் வழக்கு ஒன்றானாலும் பெல்காம் பேருந்துகள்மேல் கல் விழுவது நிற்கவில்லை.

சார்க்குக்கு வாய்ப்பூட்டு, நம் கவுன்சிலுக்கோ வாய் உண்டு, கை இல்லை. இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. எல்லையிலே வாழ்பவருக்கு அங்கே நாற்காலி இல்லை. தென் மண்டலக் கவுன்சிலிலே அமர்வோர் அனைவரும் தலைநகரத்தவர். வட்டவடை ஊராட்சித் தலைவருக்கோ மன்னவனூர் ஊராட்சித் தலைவருக்கோ அங்கே இடமில்லை. அவ்வட்டாரத்தின் மொழிச் சிறுபான்மையினர் சார்பில் ஒரு குரல்கூட இல்லை. கவுன்சில் தனக்குக் கீழே குழுக்கள் அமைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் தருகிறது. பழனி மலை – அஞ்சுநாட்டு எல்லைக்கு ஒரு குழு. அதிலே இரு பக்கத்து ஊராட்சிகள், வனத்துறைகள், பாசன உழவர். ஆண்டுக்கு இருமுறை ஒருமுறை மறையூரிலும் ஒருமுறை கொடைக்கானலிலும் கூட்டம். இதற்கு அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

தேவிகுளத்தை மீட்போம் என்று மேடையிலே முழங்கும் நண்பர்களிடம் நாம் பகைமை பாராட்டவில்லை. 1956-இல் அநீதி நடந்தது என்பதே நம் கருத்தும். ஆனால் மூன்றாம் விதிப்படி எல்லையை மாற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கே உரியது. மாநிலச் சட்டசபைக்குக் கருத்துச் சொல்லும் உரிமை மட்டுமே. கோடு நகரும்வரை கோவிலூர்ப் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடநூல் வேண்டாமா? அரசாங்கத் தேர்வைத் தமிழில் எழுதும் வசதி வேண்டாமா? 2022 நவம்பரில் கேரளம் நிலத்தை எண்ணிம முறையில் மறு அளவை செய்யத் தொடங்கியபோது, தேனி மாவட்ட எல்லையோரத்தில் அச்சம் பரவிற்று. இரு மாநில நில அளவையரும் ஒன்றாகச் சங்கிலி பிடித்திருந்தால் அந்த அச்சத்துக்கு இடமேது? தனி ஒருவராக வார்டு செய்ததை இரண்டு சர்க்கார் சேர்ந்து செய்யக் கூடாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாம் பகுத்தறிவு பேசத் தகுதியற்றவர். சாலை கடக்காத எல்லையை, தண்ணீர் தகராறின்றிக் கடக்காத எல்லையை, ஒன்று மட்டும் அனுமதிச் சீட்டின்றிக் கடந்து நிற்கிறது. அது சாதி! வட்டவடையிலே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு முடிதிருத்தகத்தில் முடி வெட்ட மறுத்தனர். சவரத்துக்காக அவர்கள் மலை கடந்து தொலைவூருக்குப் போய்வந்தனர். பலகாலம் நடந்த இக்கொடுமைக்கு 2020 செப்டம்பரில்தான் அவ்வூராட்சியே பொது முடிதிருத்தகம் ஒன்றைத் திறந்து விடை சொல்லிற்று. கத்தரிக்கோல் பிடிக்க மறுத்தவரும் தமிழர், மறுக்கப்பட்டவரும் தமிழர். நம் பக்கத்து மலையூர்களிலே நிலை என்ன என்று நாம் மார்தட்ட முடியுமா? தேநீர்க் கடை வாசலிலே நின்று பார்த்தவர்க்குத் தெரியும். எல்லை மீட்புக்குத் துண்டறிக்கை அடிக்கும் நண்பர், அந்தக் கடை வாசலுக்கும் ஒரு துண்டறிக்கை அடிக்கலாம்.

நம் மாணவன் இந்தக் கோடை விடுமுறையிலே அத்தை மகள் காதணி விழாவுக்குப் போய் வந்தான். ஆகாயத்தில் பறந்தால் சில மைல். காட்டு வழியே போக அனுமதி கிடைக்கவில்லை. கொடைக்கானலுக்கு வந்து, வத்தலக்குண்டுக்கு இறங்கி, தேனி, போடி கடந்து, போடிமெட்டு ஏறி, மூணாறு போய், அங்கிருந்து டாப் ஸ்டேஷன் வழியாக வட்டவடை சேர்ந்து, கோவிலூரில் கால் வைக்கையில் இருட்டிவிட்டதாம். மறுநாள் காலை அத்தை வீட்டு வாசலில் நின்று கிழக்கே பார்த்தானாம்.

“நம்ம மலைதான் சார் தெரிஞ்சுச்சு” என்றான்.